மாமல்லபுரமா, சோழமண்டலமா, ஃபோர்ட் கொச்சியா? கடலும் கலையும் சேர்ந்த ஊர் தேடுபவர்களுக்கு

இரண்டு நாள் விடுப்பு இருக்கிறது. கடல் வேண்டும், கலையும் வேண்டும். வேலி போட்ட ரிசார்ட் கடற்கரை வேண்டாம், மீனவர்கள் வாழ்கிற ஊராக இருந்தால் நல்லது. எங்கே போகலாம்? இப்படிக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் பதிலாகக் கிடைக்கின்றன: மாமல்லபுரம், சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலக் கலைக் கிராமம், கேரளத்தின் ஃபோர்ட் கொச்சி.

கேட்டவர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார். மூன்றிலும் கடல் இருக்கிறது, மூன்றிலும் கலை இருக்கிறது, மூன்றையும் இணையப் படங்களில் பார்த்தால் ஒரே மாதிரி அழகாக இருக்கின்றன. நேரில் மூன்றும் மூன்று விதம். ஒன்றைத் தேடிப் போய் இன்னொன்றில் நின்றால் ஏமாற்றம்தான். அதனால் ஊர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் எதை வைத்து அளப்பது என்று பார்த்துவிடலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி: அங்கே கலை உங்கள் கண் முன்னால் செய்யப்படுகிறதா, செய்து முடித்து வைக்கப்பட்டிருக்கிறதா? என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். கல் உடைவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர் வெள்ளைச் சுவர்க் காட்சிக்கூடத்தில் அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார். ஓர் ஓவியத்தின் முன் உட்கார நினைப்பவருக்குப் பட்டறையின் தூசியும் சத்தமும் தலைவலி.

இரண்டாவது, மீன்பிடித் தொழில் அங்கே உண்மையிலேயே நடக்கிறதா, இல்லை சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் பின்னணியாகிவிட்டதா?

மூன்றாவது, காலம். எந்த மாதம், வாரத்தில் எந்த நாள், நாளில் எந்த நேரம். கடலோர ஊர்களில் இதைக் கவனிக்காமல் போனால் பாதி விஷயம் கண்ணில் படாது.

நான்காவது, பணம். டிக்கெட் விலையைச் சொல்லவில்லை, அது மூன்று இடத்திலும் பெரிய தொகை இல்லை. டிக்கெட்டுக்கு வெளியே போகிற பணத்தைத்தான் சொல்கிறேன்.

யாரோடு போகிறீர்கள் என்பதும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

## மாமல்லபுரம்

சென்னையிலிருந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகக் கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர். பல்லவர் சின்னங்கள் 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. இதெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே படித்ததுதான். ஆனால் இந்த ஒப்பீட்டில் மாமல்லபுரத்தை முன்னால் நிறுத்துவது ஏழாம் நூற்றாண்டு இல்லை. உளிச் சத்தம் அந்த ஊரில் இன்றும் கேட்கிறது என்பதுதான்.

ஐந்து ரதம் பக்கமும் ஊருக்குள் வரும் சாலையோரமும் சிற்பப் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. காவியில் கோடு இழுத்த கருங்கல், பாதி வெளியே வந்த பிள்ளையார், அப்போதுதான் மூக்கு வந்த அம்மன், பக்கத்தில் கிரைண்டர் பிடித்தபடி ஓர் இளைஞர். அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. 1957-ல் பயிற்சி நிலையமாகத் தொடங்கியது. கன்னியாகுமரியில் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி இந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 2015-ல் உலகக் கைவினைக் குழுமம் கற்சிற்பத்துக்கான உலகக் கைவினை நகரமாக மாமல்லபுரத்தை அறிவித்தது. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பட்டறைகளைப் பார்த்துவிட்டுச் சின்னங்களுக்குப் போவதுதான் நல்ல வரிசை என்பேன். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். உயிருள்ள சிற்பி ஒருவர் கல்லை எங்கிருந்து குடையத் தொடங்குகிறார் என்று பார்த்த பிறகு ஐந்து ரதத்தின் முன் நின்றால், அவை மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை என்பதும், அதனால்தான் அடிப்பகுதிகளில் வேலை முடியாமல் நிற்கிறது என்பதும் சட்டென்று பிடிபடும். அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பம் எல்லோரும் பார்ப்பதுதான். கூட்டமே இல்லாத பிடாரி ரதங்களையும் வலையங்குட்டை ரதத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். முடிக்காமல் விட்டவை. உளித் தடம் அப்படியே இருக்கிறது.

மீன்? கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மணலில் ஃபைபர் படகுகள் ஏற்றி நிறுத்தியிருக்கும். விடியற்காலையில் படகு கரையேறும், வலையிலிருந்து மீனைப் பிரிப்பார்கள், அங்கேயே விலை பேசி மீன் கைமாறும். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். அதன் பிறகு வருபவருக்குக் காலிப் படகும் வலையைச் சரிசெய்கிற சிலரும்தான். ஒத்தவாடைத் தெருவிலும் மீனவர் பகுதியை ஒட்டியும் இருக்கும் உணவகங்களில் அன்றைய மீனைத் தட்டில் வைத்துக் காட்டி எடைக்கு விலை சொல்வார்கள்.

இப்போது நேரக் கணக்கைப் பாருங்கள். மீன் விடியலில். பட்டறை காலையில். சின்னங்கள் வெயில் தாழ்ந்த பிறகு, ஏனென்றால் நடுப்பகலில் அந்தப் பாறை மேல் வெறுங்காலை வைக்க முடியாது. காலை எட்டு மணிக்குச் சென்னையில் கார் எடுத்துப் பத்து மணிக்கு இறங்குகிறவர் இந்த மூன்றில் எதையும் சரியான நேரத்தில் பார்ப்பதில்லை. "ஒரு நாளில் போய் வந்துவிடலாமே" என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வந்துவிடலாம், ஆனால் ஓர் இரவு தங்கினால்தான் ஊரைப் பார்க்க முடியும். அதுவும் சனி, ஞாயிறு இல்லாமல். வார இறுதியில் அறை வாடகையும் ஏறும், கூட்டமும் ஏறும்.

செலவு விஷயத்துக்கு வருவோம். தொல்லியல் துறைச் சீட்டு இந்தியர்களுக்கு 40 ரூபாய். அதே சீட்டில் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் பார்க்கலாம். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சீட்டு இல்லை. அர்ச்சுனன் தபசைச் சாலையில் நின்றே பார்க்கலாம். இவ்வளவு சல்லிசான ஊரில் பை எப்படிக் காலியாகிறது என்றால், சிலை வாங்கும்போது. ஒரு கன அடி கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. அழகாக இருக்கிறதே என்று இரண்டடிச் சிலைக்கு விலை பேசி முடித்த பிறகுதான் பலருக்கு அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று தோன்றுகிறது. பெட்டி அடிக்கும் கூலி, வண்டி வாடகை, மாடி ஏற்றும் கூலி எல்லாம் தனி. சிறிய பொருள்களில் வேறொரு விஷயம்: கையடக்கச் சிலைகளில் நிறைய மாக்கல்லில் செய்தவை. அதில் தவறில்லை, மாக்கல்லிலும் நல்ல வேலை உண்டு. கருங்கல் விலைக்கு மாக்கல்லை வாங்கக் கூடாது, அவ்வளவுதான். அடிப்பக்கத்தை நகத்தால் கீறிப் பாருங்கள், மாக்கல் வெள்ளைக் கோடு விட்டுக் கொடுத்துவிடும். ஆட்டோக்காரர் தானாகவே கொண்டுபோய் நிறுத்துகிற கடையில் அவருடைய பங்கும் விலையில் சேர்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. பட்டறைத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. குழந்தைகளோடு போனால் கிரைண்டர் ஓடும் இடத்திலிருந்து தள்ளி நில்லுங்கள். கடல் குளிக்க ஏற்றதல்ல, இழுப்பு அதிகம். அலையில் இறங்கியே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் வழியிலுள்ள கோவளத்தில் நிறுத்துங்கள். அதுவும் மீனவர் ஊர்தான், அலைச்சறுக்கு அங்கே ஊர்ப் பையன்களின் விளையாட்டாகவே ஆகிவிட்டது. அதன் கடற்கரைக்கு 2021-ல், தூய்மையான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது.

## சோழமண்டலக் கலைக் கிராமம்

இது மீனவர் ஊர் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈஞ்சம்பாக்கத்துக் குப்பம் தனி, கலைக் கிராமம் தனி. ஒரே கடலோரத்தில் இருக்கின்றன, அவ்வளவே. "கடலோரக் கலைக் கிராமம்" என்ற பெயரை நம்பிப் படகும் வலையும் தேடிப் போனால் கிடைப்பது மரநிழலும் அமைதியும்தான்.

ஆனால் அந்த மரநிழலுக்கு ஒரு கதை இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு, படித்து முடித்து வெளியே போகும் மாணவர்கள் ஓவியத்தை வைத்துப் பிழைக்க முடியவில்லையே என்ற கவலை. அவரும் மாணவர்களும் பாட்டிக் (மெழுகு வைத்துச் சாயமிடும்) துணி, உலோக வேலை, தோல் வேலை என்று கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் சென்னைக்கு வெளியே மணலும் புதரும் நிறைந்த நிலத்தை வாங்கி 1966-ல் குடியேறினார்கள். பாதி நாள் கைவினை வயிற்றுக்கு, மீதி நாள் ஓவியம் தங்களுக்கு. இந்தியாவில் ஓவியர்களே தங்கள் பணத்தில் நிலம் வாங்கி ஊர் அமைத்து அது அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது அபூர்வம். பணிக்கர் 1977-ல் காலமானார். ஜெ. சுல்தான் அலி, சேனாதிபதி, பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் என்று 'மெட்ராஸ் இயக்கம்' என அறியப்படும் தலைமுறையின் பெயர்கள் இந்த வளாகத்தோடு சேர்ந்தவை. அவர்களுடைய ஓவியங்களும் சிற்பங்களும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெளியே தோட்டத்தில் கல்லும் உலோகமுமாகச் சிற்பங்கள்.

முதல் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் "வைக்கப்பட்ட" கலை. கலைஞர்கள் வாழும் வீடுகள் உள்ளே இருக்கின்றன, ஆனால் அவை வீடுகள். கதவைத் தட்டி "வரைவதைக் காட்டுங்கள்" என்று கேட்கும் இடமில்லை. யாராவது வெளியே வந்து பேசினால் அது உங்கள் அதிர்ஷ்டம். ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்து முடித்துவிடலாம், அதற்காக வெளியூரிலிருந்து தனிப் பயணம் போட வேண்டாம்.

செலவு மிகக் குறைவு. சென்னையிலிருந்து போனால் உத்தண்டி சுங்கச்சாவடிக்கு முன்பே வந்துவிடுகிறது, அந்தப் பணமும் மிச்சம். மறைமுகச் செலவு என்று சொன்னால் அது ஆசைதான். அசல் ஓவியத்தின் விலை பலருக்கு எட்டாது. அச்சோவியம் உண்டா என்று கேளுங்கள், அசலைவிட விலை குறைவாக இருக்கும், கையெழுத்திட்ட பிரதியாகவும் இருக்கலாம்.

இதோடு முட்டுக்காடு தட்சிணசித்ராவைச் சேர்த்தால் முழுநாள் ஆகும். தென்னிந்தியப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டிய இடம், 1996-ல் திறந்தது. குயவர், நெசவாளர் வேலை செய்வதைப் பார்க்கலாம், பிள்ளைகளும் கையை நனைக்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை மறந்து போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

## ஃபோர்ட் கொச்சி

இதையும் மீனவக் கிராமம் என்று சொல்ல வராது. துறைமுக நகரத்தின் பழைய மூலை. ஆனாலும் பட்டியலில் இடம் பிடிப்பதற்குக் காரணம் கொச்சி முசிறிஸ் பினாலே என்ற சமகாலக் கலைக் கண்காட்சி. 2012 டிசம்பரில் தொடங்கியது. கடலை ஒட்டிய ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய வணிகக் கட்டடங்களும் மிளகுக் கிடங்குகளும் காட்சிக்கூடங்களாக மாறும். சமகாலக் கலை என்றால் என்ன என்று தெரிய விரும்புகிறவருக்குத் தென்னிந்தியாவில் இதற்கு இணையான இடம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மாமல்லபுரமும் சோழமண்டலமும் போட்டிக்கே வர முடியாது.

சிக்கல் காலத்தில்தான். பினாலே என்றாலே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதுவும் டிசம்பரில் தொடங்கிக் கோடை வரும்வரைதான். கொரோனாவால் 2020 பதிப்பு தள்ளிப்போய் 2022 டிசம்பரில்தான் நடந்தது. அதிலும் 12-ஆம் தேதி என்று அறிவித்த திறப்பு கடைசி நேரத்தில் 23-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. முதல் நாளுக்கு டிக்கெட் போட்டு வந்தவர்கள் பலர் மூடிய கூடங்களைத்தான் பார்த்தார்கள். அதனால் தொடங்கி இரண்டு வாரம் போகட்டும். ஜனவரி, பிப்ரவரி நல்லது. பினாலே இல்லாத ஆண்டில் சிறிய காட்சிக்கூடங்கள், கஃபேக்கள், மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்கள், மாலைக் கதகளி இவைதான். கதகளிக்குப் போனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள், ஒப்பனை போடுவதைப் பார்க்க விடுவார்கள். மூன்று ஊரையும் சேர்த்து, பார்க்க வேண்டிய "செய்யப்படும்" கலைகளில் அது ஒன்று.

கரையோரம் மரச் சட்டத்தில் கட்டிய பெரிய சீனவலை? அழகுதான். கல்லைக் கட்டித் தொங்கவிட்ட எடையில் வலை மேலெழுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் வலையை இழுக்கக் கூப்பிட்டால் பணம் எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். மீன் வரத்து குறைந்துபோன இடத்தில் அதுவும் வருமானம். பத்து, இருபதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

செலவில் மூன்றிலும் பெரியது இதுதான். சென்னையிலிருந்து இரவு ரயில், குறைந்தது இரண்டு இரவு தங்கல், பினாலே காலத்தில் ஏறிய அறை வாடகை. எர்ணாகுளத்திலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் வந்துவிடலாம் என்பது ஆறுதல். கோவைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேறு; அவர்களுக்குக் கொச்சி மாமல்லபுரத்தைவிடப் பக்கம். புத்தாண்டு இரவில் பப்பாஞ்ஞி என்ற பெரிய கிழவர் பொம்மையைக் கொளுத்தும் திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதும், கலை பார்க்கும் எண்ணம் இருந்தால் அந்த வாரத்தைத் தவிருங்கள். மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமையும், யூத ஜெபக்கூடம் சனிக்கிழமையும் மூடியிருக்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மாமல்லபுரம் | சோழமண்டலம் | ஃபோர்ட் கொச்சி |
|---|---|---|---|
| கலை | கண் முன்னால் செய்கிறார்கள் | வைத்திருக்கிறார்கள் | பருவத்துக்கு வருகிறது. கதகளி எப்போதும் |
| மீன் தொழில் | விடியலில் உயிரோடு | கிடையாது, பக்கத்துக் குப்பத்தில் உண்டு | சீனவலை, பாதி காட்சிக்கு |
| வேண்டிய நேரம் | ஒரு நாள், ஓர் இரவு | அரை நாள் | இரண்டு இரவு |
| நல்ல காலம் | ஜனவரி முதல் மார்ச் | எப்போதும் | பினாலே ஆண்டின் ஜனவரி, பிப்ரவரி |
| எதிர்பாராத செலவு | சிலையின் எடை | ஓவியத்தின் விலை | அறை வாடகை |

காலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சிறு படகுகள் போகும், ஆனாலும் சந்தையில் மீன் குறைந்து விலை ஏறும். மீன் சாப்பிடவே போகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தை விட்டுவிடலாம், வெயிலும் தாங்காது. கேரளத்தில் தடை மழையோடு வரும், ஜூன் முதல் ஜூலை கடைசி வரை. அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை நம் கரையில் புயல் காலம். 2022-ல் மாண்டஸ் புயல் கரையைக் கடந்ததே மாமல்லபுரத்தை ஒட்டித்தான். டிசம்பர் கடைசியில் அங்கே நாட்டிய விழா தொடங்கும். நடனம் பிடித்தவர்கள் பயணத்தை அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

மாசி மகம் தனி. அந்தப் பௌர்ணமிக்கு இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து குடில் போட்டுத் தங்குவார்கள். கன்னியம்மனைக் கும்பிடுவார்கள், விடியலில் கல்யாணங்கள் நடக்கும். அது அவர்கள் வீட்டு விசேஷம். போனால் தள்ளி நில்லுங்கள், கேமராவை நீட்டுவதற்கு முன் கேளுங்கள். படகடியில் மீன் பிரிப்பவர்களிடமும் அப்படித்தான்.

## யாருக்கு எது

சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சோழமண்டலமும் தட்சிணசித்ராவும். நிழல் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, அழுதால் ஒரு மணி நேரத்தில் வீடு.

முட்டி வலி உள்ள பெரியவர்களோடு என்றால் மாமல்லபுரத்தில் குன்று ஏறுவதை விட்டுவிடுங்கள். கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஒரு பட்டறை, போதும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் இடையே ஒன்றரை கிலோமீட்டர், வண்டி வைத்துக்கொள்ளுங்கள். கொச்சியில் பினாலே கூடங்கள் பழைய கட்டடங்களில் பரவிக் கிடப்பதால் நடையும் படியும் அதிகம்.

ஓவியம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பினாலே ஆண்டில் யோசிக்காமல் கொச்சி. மற்ற ஆண்டுகளில் சோழமண்டலத்தில் ஒரு காலை, மாமல்லபுரத்தில் ஓர் இரவு. இரண்டும் ஒரே சாலையில் இருப்பதால் இந்தக் கலவை எளிது.

மீனவர் வாழ்க்கைதான் முக்கியம், கலை கூடுதல் என்பவர்களுக்கு மாமல்லபுரம்தான், அதுவும் விடியலில். சென்னைக்குள்ளேயே வேண்டுமென்றால் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தை நினைவில் வையுங்கள். கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் ஆகியோரும் ஊர் மக்களும் சேர்ந்து 2015-ல் அங்கே விழா தொடங்கியபோது கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடைக்கு வந்தன. விழா இல்லாத நாளில் அது சாதாரணக் குப்பம். வேடிக்கை பார்க்கப் போகாமல் மீன் வாங்கப் போங்கள்.

கோயிலுக்கோ வீட்டுக்கோ சிலை செய்யக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் மாமல்லபுரத்துக்கு இரண்டு தடவை போக வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று பேச, ஒன்று கண் திறப்பதற்கு முன் பார்க்க. என்ன கல், எத்தனை அங்குலம், எந்தத் தேதி, ஏற்றுக்கூலி யாருடையது, நான்கையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் முன்பணம்.

இவ்வளவுக்குப் பிறகும் குழப்பம் தீரவில்லையா? சென்னைப் பக்கம் இருப்பவர் என்றால் சரி, முதலில் சோழமண்டலத்துக்கு அரைநாள் போய் வாருங்கள், குறைந்த செலவு. பணிக்கர் தலைமுறையின் ஓவியங்கள் முன்னால் முக்கால் மணி நேரத்தில் சலித்துப்போனால் பினாலேவுக்கு ரயில் டிக்கெட் போட வேண்டாம். அந்த பணத்தில் மாமல்லபுரத்தில் ஓர் இரவு தங்கிவிடுங்கள்.